சுருட்டுத் தெருவும் றெஜினாவின் தட்டும்

1

அது முழுப் பொய், மலர். ஆர் உனக்குச் சொன்னது? என்னைமாதிரி ஸ்தேனிலை இருக்கிற உன்ரை மச்சாள்தான் போன் எடுத்திருப்பாள், எனக்குத் தெரியும். இஞ்சை ஒருத்தி தும்மினால் அவள் அங்கை ஊருக்குச் சன்னி எண்டு சொல்லிப்போடுவாள். றோல்ஸ் வெடிச்சது உண்மை, அது நடந்தும் இப்ப ஒரு வருசத்துக்கு மேலை. ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் போகவேண்டிய றோல்ஸ்தான், அதுவும் உண்மை. ஆனால் அதுக்காக என்னை வேலையாலை கலைச்சவை எண்டது பொய். என்னை எப்பிடியடி கலைக்கிறது? சம்பளத்துக்குப் போனால் எல்லோ கலைக்கலாம்! வீட்டிலை இருந்தால் கால் வீங்குது, அதுக்காகப் போறன். போனதுக்கு இருந்து உருட்டுறன்.

இப்பவும் அங்கை இருந்துதான் கதைக்கிறன். போனை மா மூடையிலை சாத்தி வைச்சிருக்கு. மைக் படத்தை அமத்தி மேலை தள்ளிவிட்டால் கையை எடுத்திட்டுக் கதைக்கலாம் எண்டு பேரன் அபி காட்டித் தந்தவன். ஒரேயடியாக் கதைச்சால் எங்கையாவது அறுந்துபோகும் எண்டு எனக்குப் பயம். அதாலை துண்டு துண்டா அனுப்புறன். ஒண்டு, ரண்டு எண்டு சொல்லிப்போட்டுத்தான் தொடங்குவன், நீ முன்னுக்குப் பின்னாக் கேட்டுப்போட்டுப் பேந்து என்னைப் பேசாதை. ஊரிலை மாதிரி நீ வேலிக்கு அங்காலை நிக்கிறாய் எண்டு நினைச்சுக் கதைக்கிறன். இடையிலை ஆரும் சிரிச்சால் அது என்னோடை உருட்டுற புஷ்பம்.

இடம் உனக்கு விளங்கவேணும். பிரெஞ்சுத் தலைநகரிலை லாச்சப்பல் எண்ட இடத்திலை ரூ பெர்தொனே எண்டு ஒரு சின்னத் தெரு. நகைக்கடை, சாப்பாட்டுக்கடை, சீலைக்கடை, எல்லாம் எங்கடை ஆக்கள். அதிலை ஜெகன் எண்டு ஒரு தம்பியின்ரை கடை. கடை மேலை, நாங்கள் கீழை நிலவறையிலை. நாலு பொம்பிளையள். நான், புஷ்பம், ராணி, பேந்து றெஜினா. றோல்ஸ் உருட்டுறதுதான் வேலை. மெல்லிசா ஊத்தின றொட்டிக்குள்ளை கிழங்கும் இறைச்சியும் பிரட்டின கறியை வைச்சு, ரண்டு பக்கமும் மடிச்சு, உருட்டி, மாக்கரைசலிலை தோய்ச்சு, பாண்தூளிலை பிரட்டித் தட்டிலை அடுக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு தட்டு. நிறைஞ்ச தட்டு மேலை போகும். ஜெகன் பொரிப்பான்.

எனக்கு அந்த வேலை ஒரு நாளிலை பிடிபட்டிட்டுது. புஷ்பம் கேட்டாள், "அக்கா, எங்கை பழகினீங்கள்?" எண்டு. "புகையிலையிலை" எண்டன். அவள் நான் பகிடி விடுறன் எண்டு நினைச்சவள்.

2

ரண்டு.

போன சனிக்கிழமை ஒரு கூத்து. எங்கடை நிலவறைக்குத் தெரு மட்டத்திலை ஒரு சின்னக் கம்பி யன்னல் இருக்கு. அதாலை பாத்தால் ஆக்களின்ரை முகம் தெரியாது, கால் மட்டும்தான். நான் சப்பாத்தை வைச்சே ஆளைச் சொல்லுவன். அண்டைக்குப் பத்துப் பன்ரண்டு சோடிச் சப்பாத்து வந்து யன்னலுக்கு முன்னாலை நிண்டுது. எல்லாம் நல்ல விலையான சப்பாத்து. ஒரு பெட்டையின்ரை குரல் பிரெஞ்சிலை அடுக்கிக்கொண்டு போகுது. ராணி பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள், அவள் காது குடுத்துக் கேட்டாள்.

"அன்ரி, இந்தத் தெருவின்ரை சரித்திரம் சொல்லுறாளாம். காசு குடுத்துக் கேக்க வந்திருக்கினம்."

"என்னவாம் சரித்திரம்?"

"முந்தி ரயில் வேலைக்கு வந்த ஆக்கள் இருந்தவையாம். பேந்து வேற வேற நாட்டு ஆக்களாம். இப்ப நாங்களாம்."

"நாங்கள் எண்டால் என்னவாம்?"

"வாசமாம். நிறமாம்."

"வெங்காயம் உரிக்கிறது ஆர் எண்டு சொன்னவளோ?" எண்டு புஷ்பம் கேட்டாள். அவ்வளவுதான், நாங்கள் சிரிச்ச சிரிப்பிலை ஒரு சப்பாத்துக் குனிஞ்சு யன்னலாலை பாத்திட்டுது. ஒரு கிழவன். கை காட்டினான். நானும் மாக் கையாலை காட்டினன்.

எனக்கு உடனை எங்கடை சுருட்டுத் தெரு ஞாபகம் வந்திட்டுது. அங்கை ஒருத்தரும் காசு குடுத்துச் சரித்திரம் கேக்க வரேல்லை.

உனக்குத் தெரியாது, நீ பிறக்கமுதல். நான் உங்கைதான் பிறந்து வளந்தனான் எண்டு ஊரிலை எல்லாரும் நினைக்கினம். பிறந்தது உங்கை, சரி. நாலு வயசிலை ஐயா எங்களைத் தெற்குக்குக் கூட்டிக்கொண்டு போட்டார். மாத்தறைப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். ஸ்ரேசனுக்குப் பின்னாலை ஒரு ஒழுங்கை, அதிலை வரிசையா ஆறேழு சுருட்டுக் கொட்டில். எல்லாம் யாழ்ப்பாணத்து ஆக்கள். புகையிலை எங்கடை பக்கத்திலை இருந்து சாக்கிலை ரயில் ஏறி வரும், அங்கை வைச்சுச் சுத்தி அங்கையே விக்கிறது. சிங்கள ஆக்களுக்கு எங்கடை சுருட்டிலை அப்பிடி ஒரு விருப்பம். கடலுக்குப் போறவங்கள் வந்து கட்டுக் கட்டா வாங்குவாங்கள், காத்துக்கும் அணையாது எண்டு. அந்த ஒழுங்கைக்கு எண்டு ஒரு பேர் இருந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது. அவை 'சுருட்டுக் கடே' எண்டுவினம், நாங்கள் 'தெரு' எண்டுவம். வேற தெரு இல்லாத மாதிரி.

ஆம்பிளையள் கனபேர் குடும்பத்தை ஊரிலை விட்டிட்டு வந்தவை. கொட்டிலுக்குள்ளையே வேலை, கொட்டிலுக்குள்ளையே படுக்கை. அம்மா அவைக்குச் சமைக்க எண்டு போனவ, எங்களையும் கொண்டு போனவ. ஒரு மூலையிலை பிள்ளையார் படம். ஒடியல்மா வந்து இறங்கினால் கொட்டில் முழுக்கக் கூழ். ஊரிலை இருந்து ஒருத்தன் வந்தால் அவனைச் சுத்தி இருந்து ஆர் செத்தது, ஆர் கட்டினது, ஆற்றை மாடு கண்டு போட்டது எண்டு கேட்டுக் கேட்டே அவனைக் களைக்கப் பண்ணிப்போடுவினம். லாச்சப்பல்தான் மலர், அச்சொட்டா லாச்சப்பல். குளிர் மட்டும்தான் இல்லை.

வாசம் எண்டு மட்டும் சொல்லாதை. பனங்கட்டியும் இன்னும் என்னென்னவோவும் போட்டுக் காய்ச்சி எடுக்கிற பாணி ஒண்டு, கோடா எண்டுவினம். அதிலை புகையிலையைத் தோய்ச்சு வைச்சால் தலையிடி வரும். பொம்பிளையளும் பிள்ளையளும் இலையிலை காம்பு கிழிக்கிறது. எனக்கு ஆறு வயசிலை விரல் எல்லாம் மண்ணிறம். ஐயாவுக்குக் கடைசியிலை நெஞ்சு முழுக்கச் சளி. அந்தத் தெரு இல்லாமல் போனதுக்கு நான் ஒருநாளும் அழேல்லை, உண்மையைச் சொல்லுறன்.

அங்கையும் இதே பாஷைப் பிரச்சினைதான். என்ரை தம்பி அங்கையே வளந்தவன். அம்மா தமிழிலை கேப்பா, அவன் சிங்களத்திலை மறுமொழி சொல்லுவான். அம்மா தலையிலை அடிப்பா. இப்ப நான் அபியைக் கேக்கிறன், அவன் பிரெஞ்சிலை சொல்லுறான். நான் தலையிலை அடிக்கிறேல்லை. பழகிப்போச்சு எனக்கு.

3

மூண்டு. தண்ணி குடிச்சிட்டு வந்தனான்.

முக்கியமான கதை இதுதான். இதைச் சொல்லாட்டில் றோல்ஸ் வெடிச்ச கதை உனக்கு விளங்காது.

சுருட்டுச் சுத்துறது வாய் தேவையில்லாத வேலை. கையும் கண்ணும் போதும். விடியத் தொடங்கினால் பொழுதுபடும் வரைக்கும் அதே வேலை. அதாலை கொட்டிலிலை ஒரு ஆள் வாசிக்கும், மற்ற ஆக்கள் கேட்டுக் கேட்டுச் சுத்துவினம். எங்கடை கொட்டிலிலை சுப்பரண்ணை வாசிக்கிறது. அவரும் சுருட்டுச் சுத்துற ஆள்தான், குரல் மட்டும் கோயில் மணி மாதிரி. காலமை பேப்பர். அது ரயிலிலை ஒரு நாள் பிந்தி வரும், ஒருத்தரும் அதைப் பெரிசா எடுக்கிறேல்லை. மேலை இருந்து கீழை வரைக்கும் வாசிப்பார். மரண அறிவித்தல் வரேக்கை எல்லாற்றை கையும் நிண்டிடும். தெரிஞ்ச பேர் இல்லை எண்டு கண்டாப்போலைதான் திரும்பச் சுத்துவினம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதைப் புத்தகம். நல்ல இடத்திலை நிப்பாட்டிப்போட்டு "தொண்டை காய்ஞ்சு போச்சு" எண்டுவார். ஆராவது ஓடிப்போய்த் தேத்தண்ணி வாங்கியரவேணும்.

எனக்கு எழுத்துத் தெரியாது, உனக்குத் தெரியும். இஞ்சை பிறிபெக்சர் எண்ட அரசாங்கக் கந்தோரிலை வதிவிடக் காட் புதுப்பிக்கப் போனால் கையெழுத்துப் போடச் சொல்லுவினம். நான் ஒரு கோடு இழுப்பன். போன முறை இருந்த பெட்டை சொன்னாள், முந்தின கோடு மாதிரி இந்தக் கோடு இல்லையாம், திரும்ப இழுக்கட்டாம். மூண்டு தரம் இழுத்தனான். மகள் வசந்திக்கு வெக்கம். எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. பேப்பர், கதை, சண்டை, தேர்தல், கப்பல் கவிண்டது எல்லாம் நான் காதாலை படிச்சனான். வாசிக்க ஆள் இருக்கேக்கை நான் ஏன் எழுத்தைப் போய்த் தேடுவான்?

சரி, வாசிக்கிற ஆளின்ரை கை சும்மா எல்லோ இருக்கும்? அவருக்கு ஆர் சுருட்டுச் சுத்துறது? அங்கைதான் அந்த வழக்கம். மற்ற ஆக்கள் அவருக்கும் சேத்துச் சுத்துவினம். பொழுதுபட முதலாளி கட்டைப் பாக்கேக்கை சுப்பரண்ணையின்ரை இடத்திலையும் மற்றவையின்ரை அளவுக்குச் சுருட்டு இருக்கவேணும். முதலாளிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

பிறகு ஒரு கலவரம் வந்துது. ஒரு பின்னேரத்திலை முழுக் கொட்டிலும் எரிஞ்சுது. பக்கத்து வீட்டுச் சிங்கள மனிசி எங்களைத் தன்ரை சமையலறையிலை ஒளிச்சு வைச்சவ. காஞ்ச புகையிலை எரிஞ்ச புகை மூண்டு நாள் கடல் பக்கம் நிண்டுது. தம்பி சொன்னான், ஊர் முழுக்கச் சும்மா சுருட்டுக் குடிக்குது எண்டு. சிங்களத்திலைதான் சொன்னவன். பிறகு கப்பலிலை ஏத்தி எங்களை ஊருக்கு அனுப்பினவை.

4

நாலு. இப்ப றெஜினா.

றெஜினா மன்னார்ப் பெட்டை. பேசாலை. வேதக்காரர். நாப்பத்தைஞ்சு வயசு இருக்கும், எனக்குப் பெட்டைதான். காலமை எங்களோடை உருட்டுவாள், பின்னேரம் ஒரு கந்தோரிலை நிலம் துடைக்கிற வேலை. புருசன் ரெஸ்ரோறன்ற் குசினியிலை. ரண்டு பிள்ளையள். வீடு செவ்ரானிலை. ரயிலிலை ஏறி இருந்தால் நித்திரை. ரண்டு தரம் செவ்ரானைத் தாண்டிப்போய்க் கடைசி ஸ்ரேசனிலை எழுப்பி இறக்கிவிட்டவை.

அவளுக்குத் தாய் ஊரிலை. பதினாலு வருசமாக் காணேல்லை. அகதி எண்ட காட் வைச்சிருக்கிறபடியாலை உலகத்திலை எங்கையும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகேலாது. அங்கை பயம் எண்டு சொல்லித்தானே காட் வாங்கினது, பேந்து அங்கையே போனால் காட் பறிபோகும். தாய்க்கு எண்பதுக்கு மேலை. போனிலை கேப்பாவாம், "பிள்ளை, எப்ப வாறாய்?" எண்டு. "வாறன் அம்மா." எப்ப எண்டு மட்டும் இவள் சொல்லுறேல்லை.

பிரெஞ்சுப் பிரஜையாகினால் போகலாம். அதுக்கு நசனாலித்தே, அந்தக் குடியுரிமை கேட்டு எழுதிப் போட்டவள். கடதாசி கடதாசியாக் கேட்டினம். பிறப்பு அத்தாட்சியிலை தாயின்ரை பேருக்கு ஒரு எழுத்துக் கூடிப்போச்சு எண்டு ஒருக்காத் திருப்பி அனுப்பினவை. அது எல்லாம் முடிஞ்சு கடைசியா ரந்தேவூ வந்துது. நேரை கூப்பிட்டுக் கேள்வி கேப்பினம். நாட்டின்ரை சரித்திரம், சட்டம், எல்லாம். அதுக்கு ஒரு புத்தகம். அவள் அதைப் பாண்தூள் பைக்குப் பக்கத்திலை வைச்சிட்டு, உருட்டி உருட்டி ஒரு கண்ணாலை பாப்பாள். பக்கம் திருப்ப ஏலாது, கை முழுக்க மா.

"வாசிக்க நேரம் இல்லை அன்ரி. ஒரு மாசம்தான் கிடக்கு. நான் தள்ளுபட்டுப்போவன்" எண்டாள். சும்மாதான் சொன்னாள், அழேல்லை.

"எடி, கையைக் கழுவு" எண்டன்.

"என்னத்துக்கு?"

"கழுவிப்போட்டு அந்தக் கதிரையிலை இருந்து பலமா வாசி. உன்ரை தட்டை நாங்கள் பாப்பம்."

புஷ்பம், "அக்கா, எனக்குப் பிரெஞ்சு வேண்டாம், ஏற்கெனவே தலையிடி" எண்டாள். பேந்து ஒரு கிழமையிலை அவள்தான், "நேற்று அந்த ராசாவின்ரை தலையை வெட்டினதோடை நிக்குது, மிச்சம் வாசி" எண்டு அவசரப்படுத்தினவள்.

ஒவ்வொருநாளும் வாசிச்சாள், மலர். பிரெஞ்சிலை ஒரு பந்தி, பேந்து ராணி அதைத் தமிழிலை சொல்லுவாள், பேந்து நாங்கள் கேள்வி கேப்பம். சனாதிபதிக்கு எத்தினை வருசம்? அஞ்சு. கொடியிலை என்ன நிறம்? நீலம், வெள்ளை, சிவப்பு. இந்த நாட்டுப் பொம்பிளையளுக்கு வோட்டு எப்ப குடுத்தது எண்டு வாசிக்கேக்கை நான் நிப்பாட்டினன். "பொறு, பொறு. இவைக்குக் குடுக்க முன்னமே எங்கடை அம்மம்மா வோட்டுப் போட்டவ!" எண்டன். ராணி நம்பேல்லை. போனிலை தேடிப் பாத்திட்டு, "ஓம் அன்ரி, சரிதான்" எண்டாள். அண்டைக்கு முழுக்க நான் றோல்ஸை ஒரு பெருமையோடைதான் உருட்டினன்.

ஒருநாள் வீட்டிலை அபி பள்ளிக்கூடப் பாடம் படிக்கிறான். ஏதோ பெரிய சொல்லைச் சொல்லி முழுசுறான். மூண்டு சொல் சேந்த ஒரு வாசகம் இருக்கு இவைக்கு, ரண்டு சொல்லிப்போட்டான், மூண்டாவது வரேல்லை. நான் கீரை ஆய்ஞ்சுகொண்டு, "பிறத்தெர்னித்தே" எண்டன். சகோதரத்துவமாம். பெடியன் புத்தகத்தை வைச்சிட்டு என்னைப் பாத்தான். பிரெஞ்சிலைதான் ஏதோ கேட்டான். எனக்கு விளங்கேல்லை. ஆனால் தலையை ஆட்டினன்.

5

அஞ்சு. வெடிச்ச கதை.

றெஜினாவின்ரை தட்டை நாங்கள் எப்பிடி நிரப்பினது எண்டால், நான் கொஞ்சம், புஷ்பம் கொஞ்சம், ராணி கொஞ்சம். சுப்பரண்ணைக்கு எல்லாரும் சேந்து சுத்தினவை எண்டுதானே எனக்கு ஞாபகம். அந்த மாதிரியே செய்வம் எண்டு நான்தான் சொன்னனான். பிழை அங்கைதான்.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு கை. என்ரை றோல் மெலிசு, இறுக்கம், சுருட்டு மாதிரி. புஷ்பத்தின்ரை குண்டு, கறி கூட வைச்சுத் தளர உருட்டுவாள், அவள் மாதிரியே. சிரிக்கிறாள் பார். ராணியின்ரை ரண்டும் கெட்டான், ஓரம் சரியா மடியாது. ஒரு தட்டு ஒரு கையா இருந்தால் முழுத்தட்டையும் ஒரே சூட்டிலை கொட்டிப் பொரிக்கலாம். மூண்டு கை ஒரு தட்டிலை கலந்தால், மெலிசு கருகமுதல் எடுக்கவேணும், குண்டு வேகும் வரைக்கும் நிக்கவேணும், ஓரம் திறந்தது வெடிக்கும். கொஞ்ச நாள் ஜெகன் எப்பிடியோ சமாளிச்சான். சாமத்தியவீட்டு ஓடருக்கு அவசரம், அந்தத் தட்டை அப்பிடியே கொட்டினான். தாச்சிக்குள்ளை படபடவெண்டு வெடிச்சுக் கறி எல்லாம் எண்ணெய்க்குள்ளை. எண்ணெய் கறுத்து, பின்னாலை போட்ட தட்டும் பழுது. சாமத்தியவீட்டுக்குக் கடைசியிலை பற்றிஸ் பலகாரம்தான் போச்சுது. பெட்டையின்ரை தாய் மண்டபத்திலை நிண்டு போனிலை கத்தினது எங்களுக்குப் படியிலையே கேட்டுது.

ஜெகன் கீழை வந்தான்.

"பவளம் அன்ரி, றெஜினாக்காவின்ரை தட்டிலை மூண்டு கை கிடக்கு. அவவின்ரை கை மட்டும் இல்லை."

"ஆர் தம்பி சொன்னது?"

"எண்ணெய் சொல்லுது."

எல்லாத்தையும் ஒளிக்காமல் சொன்னன். அவன் கத்தேல்லை, அது இன்னும் கஸ்ரமா இருந்துது. "இது பள்ளிக்கூடம் இல்லை அன்ரி. நாளைக்கு வாசிப்பு வேண்டாம்" எண்டிட்டுப் போட்டான்.

றெஜினா புத்தகத்தை எடுத்துக் கைப்பைக்குள்ளை வைச்சாள். "பறவாயில்லை அன்ரி. நான் ரயிலிலை வாசிக்கிறன்." பன்ரண்டு நாள் கிடந்துது. அவள் ரயிலிலை என்ன செய்வாள் எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நான் அண்டைக்கு வீட்டை, ஸ்தேனுக்கு ரயிலிலை போகேக்கை அதையே யோசிச்சன். கொட்டிலிலை ஏன் பிழைக்கேல்லை? அங்கை முதலாளி ஒவ்வொரு கட்டையும் விரலாலை தடவிப் பாப்பார், கை கலந்தால் பிடிச்சிருப்பாரே? நான் சின்னப்பிள்ளை, காம்பு கிழிச்ச நான் மேசையை வடிவாப் பாக்கேல்லைப் போலை. யோசிச்சு யோசிச்சு ஸ்தேனும் வந்திட்டுது. இறங்கேக்கைதான் ஐயாவின்ரை குரல் வந்துது. கிழமையிலை ஒரு நாள் ஐயா சாப்பாட்டுக்குப் பிந்துவார். அம்மா சட்டியை டொக்கெண்டு வைப்பா. ஐயா ஒண்டுதான் சொல்லுவார்: "இண்டைக்கு என்ரை முறை."

அவ்வளவுதான்! எல்லாரும் சுத்தினவைதான், ஆனால் ஒரே நாளிலை இல்லை. ஒரு நாளைக்கு ஒரு ஆள். அண்டைக்கு வாசிக்கிறவரின்ரை கட்டு முழுக்க அந்த ஒரு கை. நான் பாதியை மட்டும் ஞாபகம் வைச்சிருந்திருக்கிறன், பாத்தியோ.

அடுத்தநாள் விடியவே போய் ஜெகனைப் பிடிச்சன். றெஜினாவின்ரை தட்டு இண்டைக்கு முழுக்க நான், நாளைக்குப் புஷ்பம், நாளையிண்டைக்கு ராணி. ஒரு தட்டு, ஒரு கை. ஒரு றோல் வெடிச்சாலும் நானே வாசிப்பை நிப்பாட்டுறன் எண்டன். "உங்களுக்கு ரண்டு தட்டு அன்ரி, ஏலுமோ?" எண்டான். "எனக்கு ஆறு வயசிலை இருந்து ஏலும்" எண்டன். ஒருநாள் பாப்பம் எண்டான்.

அண்டைக்கு நான் உருட்டினதிலை ஒண்டும் வெடிக்கேல்லை. அடுத்தநாள் புஷ்பத்தின்ரையும் வெடிக்கேல்லை, எல்லாம் குண்டு, குண்டுக்கு ஏத்த சூடு வைச்சான். ராணிக்கு ஓரம் மடிக்க நான் காட்டிக் குடுத்தன், அவள் வாயைச் சுழிச்சுக்கொண்டு மடிச்சாள். நாலாம் நாள் றெஜினா வாசிக்கத் தொடங்க, மேலை கடையிலை எந்த நேரமும் அலறுற ரேடியோ நிண்டிட்டுது.

6

ஆறு. இதுதான் கடைசி. கை வழுக்குது.

ரந்தேவூ அண்டைக்கு றெஜினா நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனவள். திரும்பி நேரை நிலவறைக்குத்தான் வந்தாள், வீட்டுக்குப் போகேல்லை. கேட்டதெல்லாம் புத்தகத்திலை உள்ளதாம். கேள்வி கேட்ட கந்தோர் மனிசி கடைசியா அந்த மூண்டு சொல்லைப் பற்றிக் கேட்டவவாம். மூண்டாவது சொல்லுக்கு என்ன அர்த்தம், உன்ரை வாழ்க்கையிலை இருந்து ஒரு உதாரணம் சொல்லு எண்டு. அது புத்தகத்திலை இல்லை.

"நீ என்னடி சொன்னனீ?" எண்டன்.

"எனக்குப் பிரெஞ்சு வரேல்லை அன்ரி. நான் வாசிச்சன், அவை என்ரை றோல்ஸ் உருட்டினவை எண்டு மட்டும் சொன்னனான்."

"அதுக்கு அவ?"

"திரும்பக் கேட்டவ. திரும்பச் சொன்னனான். கன நேரம் எழுதினவ."

கன நேரம் எழுதினது நல்லதுக்கோ கூடாததுக்கோ எண்டு ஒரு வருசத்துக்கு மேலை தெரியேல்லை. அதுக்கிடையிலை தாய் கிணத்தடியிலை விழுந்து இடுப்பு முறிஞ்சு போச்சு. றெஜினா சாப்பிடாமல் கொள்ளாமல் உருட்டினாள். வாசிப்பை நாங்கள் நிப்பாட்டேல்லை. புத்தகம் முடிய, ஊர்ப் பேப்பரைப் போனிலை பாத்து வாசிச்சாள். மரண அறிவித்தல் வந்தால் எங்கடை கையும் நிக்கிறதைக் கண்டன். பேசாலை எண்டு வந்தால் அவள் வாசிக்கமாட்டாள், போனை ராணியிட்டைக் குடுப்பாள். ராணி பேரைப் பாத்திட்டு, "இல்லை அக்கா" எண்டுவாள்.

பேந்து கடிதம் வந்துது. கிடைச்சிட்டுது, மலர். ஜெகன் மேலை இருந்து ஒரு முழுக் கேக் கொண்டு வந்தவன். போன ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறினவள். ஒரு மாசம். லீவு குடுக்க ஜெகன் முதல் இழுத்தான், வேற ஆள் பிடிக்கவேணும் எண்டு. வேற ஆள் வேண்டாம், தட்டு எங்கடை பொறுப்பு எண்டன். முறை முறையா. அவனுக்கு இப்ப அது பழக்கம்.

நேற்று அவள் குரல் அனுப்பினவள். தாய் கட்டிலிலை. இவளைத் தடவிப் பாத்திட்டு முதல் கேட்டது, "வேலையை விட்டிட்டே வந்தனீ?" எண்டுதானாம். "இல்லை அம்மா, அவை செய்யினம்." "ஆர் அவை?" இவள் பேர் சொல்லியிருக்கிறாள். பின்னேரம் செபமாலை சொல்லேக்கை மனிசி எங்கடை பேரையும் சேத்துச் சொன்னவவாம். பவளம், புஷ்பம், ராணி எண்டு. அந்தக் குரலையும் அனுப்பினவள், நாங்கள் மூண்டு பேரும் கேட்டனாங்கள். நான் சைவமடி, என்ரை பேர் பேசாலையிலை செபமாலைக்குள்ளை நிக்குது! புஷ்பம் சொல்லுறாள், கருவாடும் வரும் எண்டு. எயாப்போட்டிலை மணந்து பிடிபடாமல் வரட்டும் முதல்.

அவள் வரும் வரைக்கும் இஞ்சை வாசிக்க ஆள் இல்லை, அதாலைதான் நான் உன்னோடை கதைக்கிறன், இவையும் கேட்டுக் கேட்டு உருட்டினம். நீ எழுத்துத் தெரிஞ்சவள். நாளைக்குக் காலமை பேப்பரை வாசிச்சு அனுப்பன். மேலை இருந்து கீழை வரைக்கும், அவசரப்படாமல்.

இந்தா, ஜெகன் மேலை கூப்பிடுறான். எண்ணெய் வைச்சிட்டானாம். றெஜினாவின்ரை தட்டு பாதியிலை நிக்குது, இன்னும் மாவிலை தோய்க்கவும் இல்லை. வைக்கிறன் மலர், இண்டைக்கு என்ரை முறை.